வெயிலில் விளையும் குளிர்ச்சி

நுழையும்முன்

வெப்பத்தைத் தணிக்க மின்சாரம் வேண்டும். அம்மின்சாரத்தை ஆக்க நிலத்தை அகழ்ந்து நிலக்கரியை எரிக்கிறோம். எரிந்து எழும் கரியமில வாயு புவியை மேலும் வெப்பமாக்குகிறது. மீண்டும் குளிர்ச்சி தேடுகிறோம். இச்சுழலிலிருந்து ஒரு வீடு விலகி நிற்க இயலுமா? மாடியில் விழும் வெயிலைக் கொண்டே அவ்வீட்டின் அறையைக் குளிர்விக்க இயலுமா? தமிழ்நாட்டின் மின்நகரமாகிய நெய்வேலியை நிலைக்களமாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

மண்ணுக்குள் இருந்த வெயில்

முந்திரிக்கும் பலாவுக்கும் பெயர்பெற்றது கடலூர் மாவட்டத்தின் செம்மண் நிலம். அந்நிலத்தில் அமைந்த நெய்வேலியில், 1935ஆம் ஆண்டு ஜம்புலிங்க முதலியார் என்பவரது நிலத்தில் கிணறு தோண்டியபோது நீருடன் கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அது பழுப்பு நிலக்கரி எனப் பின்னர் அறியப்பட்டது. 1956ஆம் ஆண்டு நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. மறு ஆண்டு மே மாதம் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அகழ்வுப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரிப் படிவம் வெளிப்பட, 1962இல் சோவியத் நாட்டின் துணையுடன் அமைந்த அனல்மின் நிலையம் மின்சாரம் வழங்கத் தொடங்கியது.

பழுப்பு நிலக்கரி என்பது யாது? தொல்பழங்காலத்தில் வெயிலை உண்டு வளர்ந்த மரங்கள் மண்ணுள் புதைந்து, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் மாறிய வடிவமே அது. அவ்வகையில் நெய்வேலியின் நிலக்கரியும் வெயிலே. ஆயின், அது கோடிக்கணக்கான ஆண்டுகளின் சேமிப்பு. அதனைச் சில தலைமுறைகளுக்குள் செலவிட்டுக்கொண்டிருக்கிறோம். மாடியில் நாள்தோறும் விழும் வெயிலோ வருவாய் போன்றது. சேமிப்பை எடுத்து உண்பதற்கும் வருவாய்க்குள் வாழ்வதற்கும் உள்ள வேறுபாட்டை அறியாத குடும்பம் இல்லை.

இவ்வேறுபாட்டை நெய்வேலியும் உணர்ந்துள்ளது. 600 மெகாவாட் திறன்கொண்டிருந்த அதன் முதல் அனல்மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. இப்போது என்.எல்.சி. இந்தியா என வழங்கும் அந்நிறுவனம், நெய்வேலியில் முதலில் 10 மெகாவாட், பின்னர் 130 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையங்களை அமைத்தது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களையும் சேர்த்து அதன் சூரிய மின்திறன் 1000 மெகாவாட்டைக் கடந்துள்ளது. நிலத்தைத் தோண்டிய ஊர், வானத்தையும் நோக்கத் தொடங்கியிருக்கிறது. ஒரு நிறுவனம் செய்வதை ஒரு வீடும் தன் அளவில் செய்ய இயலும்.

ஒரு யூனிட்டின் எடை

மின்சாரத்திற்கு எடை இல்லை என இயற்பியல் பயில்வோர் கூறலாம். ஆனால், நெய்வேலியில் அதற்கு எடை உண்டு. இங்குள்ள அனல்மின் நிலையங்களில் ஒரு யூனிட் மின்சாரத்தை ஆக்க ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிக்கப்படுகிறது. ஒரு டன் நிலக்கரியை எடுக்க, அதற்கு மேலுள்ள மண்ணில் ஐந்து கனமீட்டருக்கும் மேற்பட்டதை அகற்ற வேண்டும். அதாவது, ஒரு கிலோ நிலக்கரிக்கு ஐந்து லிட்டருக்கும் மேற்பட்ட கொள்ளளவு மண். அத்துடன், படிவத்தின் அடியிலிருந்து அழுத்தத்துடன் மேலெழ முயலும் நிலத்தடி நீரையும் இடைவிடாது இறைத்து வெளியேற்ற வேண்டும். சுரங்கத்திற்காகத் தம் ஊரையும் வயலையும் விட்டுப் பெயர்ந்த மக்களின் இழப்பு எந்த மின்அளவியிலும் பதிவாவதில்லை.

எனவே, ஓர் அறையின் குளிரூட்டி பத்து யூனிட் மின்சாரத்தை வீணாக்குமாயின், எங்கோ பத்துக் கிலோ நிலக்கரி பயனின்றி எரிந்தது என்பது பொருள். குளிர்ச்சியைப் பற்றிய எந்தக் கணக்கையும் இங்கிருந்தே தொடங்குதல் முறை.

குளிரூட்டி செய்யும் பணி

குளிரூட்டி குளிரை உண்டாக்குகிறது எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அது வெப்பத்தை இடம் மாற்றும் கருவியாகும். அறைக்குள் உள்ள குழாய்ச்சுருளில் ஓடும் குளிர்பொருள், அறைக்காற்றின் வெப்பத்தை ஏற்று ஆவியாகிறது. கம்ப்ரசர் எனப்படும் அமுக்கி அவ்வாவியை அழுத்தி, வெளியே உள்ள சுருளுக்கு அனுப்புகிறது. அங்கு அது வெப்பத்தை உமிழ்ந்து மீண்டும் நீர்மமாகிறது. கேணியில் உள்ள நீரை ஏற்றம் மேலே கொணர்வது போல, அறையில் உள்ள வெப்பத்தைக் குளிரூட்டி வெளியே இறைக்கிறது.

இறைப்பதற்கு ஆகும் உழைப்பு, இறைக்கப்படும் பொருளைவிடக் குறைவு. ஆகவேதான் ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு மூன்று முதல் ஐந்து யூனிட் வரையிலான வெப்பத்தை வெளியேற்ற இயலுகிறது. இவ்விகிதமே கருவியின் திறன். மைய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் வழங்கும் நட்சத்திரக் குறியீடு இதனையே காட்டுகிறது. ஐந்து நட்சத்திரம் பெற்ற கருவி, குறைந்த மின்சாரத்தில் மிகுந்த வெப்பத்தை வெளியேற்றும்.

பழைய வகைக் குளிரூட்டியில் அமுக்கி முழு வேகத்தில் ஓடும். அல்லது அடியோடு நிற்கும். ஒவ்வொரு முறை அது ஓடத் தொடங்கும்போதும் வழக்கமான அளவைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தை ஒரு கணம் இழுக்கும். சிறிய சூரிய மின்அமைப்பால் அந்தத் திடீர்ச் சுமையைத் தாங்க இயலாது. இன்வெர்ட்டர் வகைக் குளிரூட்டியோ மெல்லத் தொடங்கி, அறை குளிர்ந்தபின் வேகத்தைக் குறைத்துச் சீராக ஓடுகிறது. சிறிய சூரிய அமைப்புக்கு இவ்வகையே ஏற்றது.

தெரிந்து தெளிவோம்

குளிரூட்டியின் அளவை 'டன்' எனக் கூறுகிறோம். இது கருவியின் எடை அன்று. இயந்திரக் குளிர்பதனம் பரவுவதற்கு முன் பனிக்கட்டியே குளிர்ச்சி தந்தது. ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை ஈர்க்குமோ அவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் ஆற்றலே ஒரு டன். இது ஏறத்தாழ 3.5 கிலோவாட்டுக்குச் சமம். இக்கால இயந்திரக் குளிரூட்டியை 1902இல் வடிவமைத்தவர் வில்லிஸ் கேரியர். மனிதருக்காக அன்றி, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்தில், ஈரப்பதத்தால் தாள் சுருங்கி விரிவதைத் தடுப்பதற்காகவே அது அமைக்கப்பட்டது.

முதலில் தளம், பின்னரே தகடு

சூரிய ஒளியில் குளிரூட்டியை இயக்க விரும்புவோர் முதலில் கேட்கும் வினா, 'எத்தனை தகடுகள் வேண்டும்?' என்பதே. ஆனால், 'அறைக்குள் வெப்பம் எவ்வழியாக வருகிறது?' என்பதே முதலில் கேட்கத்தக்க வினா. ஓட்டைக் குடத்தை அடைக்காமல் நீர் இறைப்பவர் எவ்வளவு இறைத்தாலும் குடம் நிறையாது.

கோடையில் நம் வீடுகளுக்குள் வெப்பம் புகும் பெருவாயில் மேல்தளமாகும். கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடித்து, இரவில் அதனை அறைக்குள் உமிழ்கிறது. கத்திரி வெயில் நாள்களில் நள்ளிரவிலும் மின்விசிறி அனல்காற்றை வீசுவதன் காரணம் இதுவே. தளத்தின்மீது வெண்சுண்ணாம்பையோ ஒளியைத் திருப்பும் வெண்பூச்சையோ பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிச் செல்லும். நம் முன்னோர் தளத்தின்மேல் தட்டோடு பதித்ததும், முற்றத்தில் கீற்றுப் பந்தல் இட்டதும் இதே அறிவின் வெளிப்பாடுகள். தளத்திற்குச் சற்று மேலே நிறுத்தப்படும் சூரிய மின்தகடுகளும் ஒரு பந்தலாகின்றன. அவை மின்சாரமும் தருகின்றன, நிழலும் தருகின்றன.

அடுத்த வாயில் மேற்குச் சுவரும் சாளரங்களும். மேற்கே ஒரு வேம்பு நின்றால் மாலை வெயிலை அது தன்மேல் ஏற்றுக்கொள்ளும். நெய்வேலி நகரியத்தின் சாலையோர மரங்களின் கீழ் நடப்பவர் இதனைத் தம் தோலாலேயே உணர்வர். காற்று வரும் வழியைக் 'காலதர்' எனச் சிலப்பதிகாரம் குறிக்கிறது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்றுக்கு வழிவிட்டுக் கட்டப்பட்ட வீட்டில் குளிரூட்டி தேவைப்படும் நாள்களே குறையும்.

மூன்றாவது, நம் விரல் நுனியில் உள்ளது. குளிரூட்டியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ ஆறு விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என எரிசக்தித் திறன் செயலகம் அறிவுறுத்துகிறது. 2020ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் விற்கப்படும் அறைக் குளிரூட்டிகள், இயக்கியவுடன் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்பது விதி. 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெல்ல ஓடவிட்டால் உடல் அதனினும் குறைந்த வெப்பநிலையில் இருப்பதாகவே உணரும். கடலை ஒட்டிய இம்மாவட்டத்தில் புழுக்கத்திற்கு வெப்பத்தைப் போலவே ஈரப்பதமும் காரணம். குளிரூட்டி ஈரத்தையும் அகற்றுவதால் 18 டிகிரி வரை இறங்க வேண்டிய தேவையே இல்லை.

இரு வீடுகளின் கணக்கு

கணக்கிற்காக இரு வீடுகளைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டிலும் ஒரே அளவுள்ள அறை. இரண்டிலும் பகலில் ஐந்து மணி நேரமும் இரவில் எட்டு மணி நேரமும் குளிரூட்டி இயங்குகிறது.

முதல் வீட்டில் வெயிலுக்குத் திறந்த வெறுந்தளம். ஒன்றரை டன் பழைய குளிரூட்டி. வெப்பநிலை 18 டிகிரி. அறை அந்த அளவை எட்டுவதே இல்லை. அமுக்கி ஓய்வதும் இல்லை. மணிக்கு 1.5 யூனிட் எனக் கொண்டால் 13 மணி நேரத்திற்கு 19.5 யூனிட் செலவாகும்.

இரண்டாம் வீட்டில் வெண்பூச்சும் நிழலும் பெற்ற தளம். ஒரு டன் திறனுள்ள ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் குளிரூட்டி. வெப்பநிலை 26 டிகிரி. உடன் ஒரு மின்விசிறி. அறை குளிர்ந்தபின் அமுக்கி மெதுவாகவே ஓடும். மணிக்குச் சராசரியாக 0.45 யூனிட் எனக் கொண்டால் ஏறத்தாழ 6 யூனிட் செலவாகும்.

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் சூரிய மின்தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அதனை நிறுவ நிழல்படாத 100 சதுர அடி இடம் வேண்டும். முதல் வீட்டின் குளிரூட்டிக்கு மட்டும் 5 கிலோவாட் தகடுகளும் 500 சதுர அடி மாடியும் தேவை. இரண்டாம் வீட்டிற்கோ 2 கிலோவாட் போதும். குளிரூட்டிக்கு ஆகும் 6 யூனிட் போக, விளக்குக்கும் விசிறிக்கும் 2 யூனிட் எஞ்சும்.

கோடையின் நூறு நாள்களுக்கு இக்கணக்கை விரித்துப் பார்ப்போம். முதல் வீட்டின் குளிரூட்டி ஏறத்தாழ இரண்டு டன் நிலக்கரிக்கு ஈடான மின்சாரத்தை உண்கிறது. இரண்டாம் வீட்டினுடையது 600 கிலோவுக்கு ஈடானதை மட்டுமே உண்கிறது. இடைப்பட்ட 1.4 டன்னை மிச்சப்படுத்தியது எது? சூரிய மின்தகடு அன்று. வெண்பூச்சும் நிழலும், திறன்மிக்க கருவியும், உயர்த்தி வைத்த எட்டு டிகிரியுமே அதனைச் செய்தன. தகடு ஈடுசெய்ய வேண்டியது எஞ்சிய 600 கிலோவை மட்டுமே. தேவையைக் குறைத்தவர்க்கே சிறிய அமைப்பு போதுமானதாகிறது என்னும் உண்மை இதனால் விளங்கும்.

தகடுகளின் இயல்பு

சூரிய மின்தகட்டை இயக்குவது ஒளியே, வெப்பம் அன்று. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் உருவாக்கிய சிலிக்கான் மின்கலத்தின் வழித்தோன்றல்களே இன்றைய தகடுகள். தகடு சூடேறச் சூடேற அதன் திறன் குறையும். 25 டிகிரிக்கு மேல் உயரும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு இழப்பு நேரும். கோடை நண்பகலில் தகடு 65 டிகிரியை எட்டினால் 16 விழுக்காடு குறையும். எனவே, தகடுகளைத் தளத்தோடு ஒட்டிப் பதிக்காமல், அடியில் காற்று புகும்படி உயர்த்தி நிறுத்த வேண்டும்.

நெய்வேலி ஏறத்தாழ 11.6 டிகிரி வடக்கு அகலக்கோட்டில் உள்ளது. ஆதலால், தகடுகள் தெற்கு நோக்கி அதே அளவு சாய்ந்திருத்தல் நலம். சுரங்கமும் அனல்மின் நிலையமும் உள்ள ஊரில் தூசியும் சாம்பலும் தகடுகளின்மீது படியும். வெயில் ஏறுமுன் காலையில் நீரால் கழுவித் துடைத்தல் வேண்டும். பக்கத்துத் தென்னையின் ஓலை நிழல் ஒரு தகட்டின் மூலையில் விழுந்தாலும் அதனுடன் தொடராக இணைந்த பிற தகடுகளின் மின்னோட்டமும் குறையக்கூடும். 2011 டிசம்பர் இறுதியில் கடலூர்க் கரையைத் தாக்கிய தானே புயல் முந்திரி, பலாத் தோப்புகளை வேரோடு சாய்த்ததை இம்மாவட்டம் மறக்கவில்லை. இங்கு நிறுவப்படும் தகட்டின் தாங்குசட்டம் புயற்காற்றுக்கு ஈடுகொடுப்பதாய் இருத்தல் இன்றியமையாதது.

இரவு என்னும் தேர்வு

வெயிலும் தேவையும் பகலில் ஒன்றாக நடக்கின்றன. வெயில் மிகும்போது வெப்பம் மிகுகிறது. தகடு தரும் மின்சாரமும் மிகுகிறது. ஆனால், சூரியன் மறைந்த பின்னும் தளத்தின் சூடு மறைவதில்லை. மக்கள் உறங்கக் குளிர்ச்சி தேடும் நேரத்தில் தகடுகளும் உறங்கிவிடுகின்றன. நம் கணக்கின் இரண்டாம் வீட்டிலும் குளிரூட்டி கொள்ளும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் இரவிலேயே செலவாகிறது. இதற்கு இரு வழிகள் உள்ளன.

ஒன்று, பொது மின்கட்டமைப்புடன் இணைதல். பகலில் எஞ்சும் மின்சாரம் வெளியே செல்லும். இரவில் தேவையானது உள்ளே வரும். இருவழி மின்அளவி இரண்டையும் பதிவு செய்யும். செலவு குறைந்த வழி இதுவே. 2024இல் மைய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், இவ்வாறு இணையும் 2 கிலோவாட் அமைப்புக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள அமைப்புக்கு 78,000 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டன. எனினும், ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. இவ்வழியில் கணக்கேடு சமனாகிறதே தவிர, இரவில் நம் அறைக்கு வரும் மின்சாரத்தின் பெரும்பகுதி அனல்மின் நிலையங்களிலிருந்தே வருகிறது.

இவ்வழியில் மற்றொரு செய்தியையும் அறிதல் வேண்டும். தெருவில் மின்சாரம் தடைப்பட்டால், நண்பகல் வெயிலிலும் இவ்வமைப்பு தானே நின்றுவிடும். 'மாடியில் தகடு இருந்தும் வீட்டில் மின்சாரம் இல்லையே' எனப் பலர் வியப்பர். இது குறையன்று, காப்பு. மின்கம்பத்தில் ஏறிப் பழுது நீக்கும் தொழிலாளி, கம்பியில் மின்சாரம் இல்லை என நம்பியே அதனைத் தொடுகிறார். நம் மாடியிலிருந்து அக்கம்பிக்கு மின்சாரம் பாயுமாயின் அவர் உயிருக்கே ஊறு நேரும். ஆகவேதான் அமைப்பு தன்னை நிறுத்திக்கொள்கிறது.

மற்றொரு வழி, மின்கலத்தில் சேமித்தல். இரண்டாம் வீட்டின் குளிரூட்டிக்கு இரவில் ஏறத்தாழ 3.5 யூனிட் வேண்டும். 5 யூனிட் கொள்ளும் லித்தியம் மின்கலத்தில் ஐந்தில் நான்கு பங்கைப் பயன்படுத்தினாலும் அது நிறைவேறும். ஈய அமில மின்கலத்தைப் பாதியளவுக்கு மேல் தீர்த்தால் அதன் ஆயுள் குறையுமாதலால் அதற்கு இன்னும் பெரிய கொள்ளளவு தேவை. மின்கலம் விலையுயர்ந்தது, சில ஆண்டுகளில் மாற்றத்தக்கது. முதல் வீட்டைப் போன்ற ஒரு வீடு இவ்வழியை எண்ணிப் பார்க்கவும் இயலாது. இங்கும் தேவையைக் குறைத்தவரே தேர்வில் வெல்கிறார்.

இவ்விரண்டிற்கும் நடுவே செலவில்லாத மூன்றாம் சேமிப்பு ஒன்றும் உண்டு. பிற்பகல் மூன்று மணிக்குத் தகடுகள் மின்சாரம் தந்துகொண்டிருக்கும்போதே அறையைக் குளிர்வித்துச் சாளரங்களை மூடி வைத்தால் சுவரும் தரையும் கட்டிலும் குளிர்ச்சியை ஏற்று வைத்துக்கொள்ளும். தளத்தில் வெயில் தடுக்கப்பட்ட வீட்டில் இரவு உறங்கச் செல்லும்வரை அதன் பயன் நீடிக்கும். அவ்வாறு அமைந்த அறையே ஒரு மின்கலம்.

அறைக்கு வெளியே

குளிரூட்டி வெளியே உமிழும் வெப்பம் தெருவில் நடப்பவரின்மீது வீசுகிறது. ஒருவர் அறை குளிரும்போது பொதுவெளி சூடாகிறது. சுரங்கத்தின் திறந்த வெளியில் உழைப்போரும், முந்திரிக்கொட்டை உடைப்போரும், தகரக் கூரையின்கீழ் வாழ்வோரும் குளிரூட்டியைப் பெறும் நிலையில் இல்லை. ஆயினும், அதன் வெப்பத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. கூரைக்கு வெண்பூச்சும், தெருவுக்கு மரமும், காற்றுக்கு வழியும் எல்லாருக்கும் எட்டக்கூடியவை. ஆதலால், அவையே முதற்படி. திறன்மிக்க கருவி அடுத்த படி. சூரிய மின்தகடு அதற்கும் அடுத்தது. இவ்வரிசை மாறினால் செலவு பெருகும், பயன் சுருங்கும்.

நெய்வேலியின் சுரங்கங்கள் தமிழகத்தின் பல தலைமுறை இரவுகளுக்கு ஒளி தந்தன. அதற்கு நாம் செய்யும் நன்றி, எஞ்சிய நிலக்கரியையும் விரைந்து எரித்துத் தீர்ப்பதன்று. நமக்கு எவ்வளவு போதும் என அளந்து அறிவதே. அறையின் வெப்பநிலையைக் குறைக்க விரல் நீளும்போதெல்லாம், ஒரு யூனிட்டின் எடை ஒரு கிலோ என்பதை நினைவில் கொள்வோம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ வெயில் படும் தளத்தின் கீழுள்ள அறையிலும், நிழல் படும் அறையிலும் மாலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் வெப்பநிலையை அளந்து, வேறுபாட்டிற்கான காரணத்தை எழுதுக.

2. உங்கள் வீட்டு மின்கட்டணப் பட்டியலில் உள்ள யூனிட்டுகளைக் கிலோ நிலக்கரியாக மாற்றிக் கணக்கிடுக. அதில் எவ்வளவைக் குறைக்க இயலும் எனக் குடும்பத்தாருடன் கலந்துரையாடுக.

3. 'தேவையைக் குறைத்தலே முதல் உற்பத்தி' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.